வல்லூறு என்றொரு உடுப்பு

2007 அக்டோபர் 10, இரவு. கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு டிவி முன் உட்கார்ந்தார். கஜகஸ்தானின் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து ஷேக் முஸாபார் ஷுகோர் கிளம்புகிறார், நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர். அப்பாவின் கண் ராக்கெட்டில் இல்லை, அந்த வெள்ளை உடுப்பில்தான். "அதை எப்படிம்மா மாட்டுவாங்க?" என்றார்.

பல வருஷம் கழித்துத்தான் தேடிப் படித்தேன். உடுப்பின் பெயர் சோகோல். ரஷ்ய மொழியில் வல்லூறு. முன்பக்கத் திறப்பு வழியாக உள்ளே நுழைந்து, மிச்சத் துணியைக் கொத்தாகத் திரட்டி முறுக்கி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். கடையில் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், பொட்டலம் கட்டுவது போலவேதான்! 1971-இல் சோயுஸ் 11 என்ற சோவியத் விண்கலம் திரும்பும்போது காற்று வெளியேறி, இப்படி ஒரு உடுப்பு இல்லாமல் மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்தது இது.

பிராகில் 1862-இல் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கத்துக்கும் சோகோல்தான் பெயர். மாஸ்கோவில் ஒரு மெட்ரோ நிலையம், போலந்தில் ஒரு ஹெலிகாப்டர், அப்புறம் எத்தனையோ குடும்பப் பெயர்கள்.

தமிழில் நம்மிடம் ராஜாளி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரக்கோணம் கடற்படை விமானத்தளத்துக்கு அந்தப் பெயர். ஆனால் பிள்ளைக்கு ராஜாளி என்று வைத்தவரை நான் பார்த்ததில்லை. மயில், கிளி, குயில், அன்னம் என்றே நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

போன தீபாவளிக்கு அப்பாவிடம் ரப்பர் பேண்ட் விஷயத்தைச் சொன்னேன். மடியிலிருந்த துணியை அப்படியே திரட்டி முறுக்கிப் பார்த்தார்.

"சரிதான், காத்து போகாது."