மேகம் மூடிய இரவில் ஓர் உறைபனி எச்சரிக்கை

குன்னூரில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை எங்களுடையது. காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வைப்பதற்கு வெப்பநிலைப் பெட்டிகள் செய்கிறோம். பெட்டிக்குள் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, டிஎம்பி102 என்ற வெப்பநிலை சிப், சிம் போட்ட மோடம், 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி, மேலே ஒரு சோலார் தகடு. உறைபனி விழும் நிலை வந்தால் விவசாயிக்கு மெசேஜ் போகும். அவர் எழுந்து ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடுவார்.

முதல் பெட்டியை ஊட்டியை ஒட்டிய ஒரு பள்ளத்துத் தோட்டத்தில் நவம்பரில் வைத்தோம். வடகிழக்குப் பருவமழைக் காலம். மூன்று நாள் மூடுபனி விலகவே இல்லை. பெட்டி இரண்டாம் நாளே நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் அது ஓடியதே அதிகம். போர்டு எடுப்பது 1.5 வாட். பேட்டரியில் இருப்பது 84 வாட் மணி. லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் கையில் நிற்பது 42 வாட் மணி, அதாவது 28 மணி நேரம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடி மட்டும் விழித்து, மற்ற நேரமெல்லாம் 0.1 வாட்டில் தூங்கினால் சராசரி 0.15 வாட்டுக்கு வந்துவிடும். அதே பேட்டரி 280 மணி நேரம் தாங்கும். பதினொரு நாளுக்கு மேல். சரி, சஸ்பெண்ட், அதாவது போர்டைத் தூங்க வைக்கும் ஏற்பாடு, போட்டே ஆகவேண்டும்.

போர்டு சஸ்பெண்டுக்குப் போகும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதலில் புரோகிராம்களை உறைய வைக்கும். அப்புறம் ஒவ்வொரு டிரைவரையும், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் நிரலை, கூப்பிட்டு, உன் சாதனத்தைத் தூங்க வை என்று சொல்லும். பிள்ளைகள் முதலில், பெற்றோர் பிறகு: சிப் தூங்கிய பின்பே, அது மாட்டியிருக்கும், அதோடு பேசும் கம்பிகளை நடத்தும் ஐ2சி கன்ட்ரோலர் தூங்கும். எழும்போது வரிசை தலைகீழ். எங்கள் சிப்பின் டிரைவரை எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியிருந்தார். எப்போதும் மின்சாரம் இருக்கும் என்று நினைத்து எழுதியது. அதில் தூங்க வைக்கும் சஸ்பெண்டும் இல்லை, எழுப்பும் ரெஸ்யூமும் இல்லை. அந்த இரண்டையும் சேர்ப்பது என் பொறுப்பாயிற்று.

முதல் முட்டுக்கட்டை சீக்கிரமே தெரிந்தது. டிரைவருக்குள் அவ்வப்போது சிப்பைப் படிக்கும் ஒரு டிலேய்டு வொர்க், அதாவது நேரம் குறித்து ஓடும் வேலை, இருந்தது. புரோகிராம்கள் உறைந்தாலும் இப்படிப்பட்ட வேலைகள் காத்திருக்கும் வரிசையான கெர்னலின் சாதாரண வொர்க் கியூ உறையாது. கன்ட்ரோலர் தூங்கிய பின் இது போய் அதன் கதவைத் தட்ட, லாகில், அதாவது போர்டின் பதிவேட்டில், மைனஸ் 108 என்ற பிழை எண் வந்து விழுந்தது. சஸ்பெண்டின் முதல் வரியிலேயே அந்த வொர்க்கை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும்படி செய்தேன். பிரச்சினை போயிற்று.

இரண்டாவதாகச் செய்ததுதான் தப்பு. தூங்கும்போது சிப்புக்குப் போகும் 3.3 வோல்ட் சப்ளையையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். மிச்சம் பிடிக்கிற வேகத்தில் செய்தது. ரெஸ்யூமில் சப்ளையைத் திரும்பப் போட்டேன். பேஞ்சில், அதாவது எங்கள் சோதனை மேசையில், ஆயிரம் முறைக்கு மேல் தூங்கி எழுந்தது, ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம்.

டிசம்பரில் ஒரு நாள் பின்னிரவு அந்தத் தோட்டக்காரருக்கு மெசேஜ் போயிருக்கிறது. அறுபதைத் தாண்டியவர். டார்ச்சை எடுத்துக்கொண்டு, காட்டெருமை நடமாடும் வழியில் மூடுபனிக்குள் இறங்கி மோட்டாரைப் போட்டிருக்கிறார். காலையில் பார்த்தால் உறைபனியே இல்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் மெசேஜ் போனபோது எனக்கு போன் செய்தார். "தம்பி, வானம் பூரா மேகம் மூடிக் கிடக்கு. இந்த மாதிரி ராத்திரியில எப்படிப்பா பனி விழும்?"

கோபமாகக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. மேகமில்லாத இரவில்தான் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போகும், குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், உறைபனி விழும். மேகம் கம்பளி மாதிரி. எங்கள் பெட்டி வானத்தைப் பார்க்காது, அவர் பார்க்கிறார்.

லாகைத் திறந்தேன். 9.3125. அடுத்தது 0.0000. அதற்கடுத்தது 9.1875. இந்தச் சிப் 0.0625 டிகிரி படியில் நகரும். நிஜமான குளிர் என்றால் இறங்கி ஏறும் படிகள் தெரியும். இங்கே கிணற்றில் கல் விழுந்த மாதிரி ஒரே ஒரு பூஜ்யம். சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டைத் திரும்பப் படித்தேன். மின்சாரம் வந்ததும் முதல் அளவீடு முடியும்வரை வெப்பநிலை ரிஜிஸ்டர், அதாவது அளவு இருக்கும் சிப்பின் நினைவிடம், 0 டிகிரி என்றே காட்டும் என்று எழுதியிருக்கிறது. ஓர் அளவீட்டுக்கு ஆகும் நேரம் சுமார் 26 மில்லி நொடி. மோடம் எழத் தாமதித்த நாளில் எங்கள் புரோகிராம் அந்த நேரம் கழிந்த பிறகு படித்தது, மோடம் சீக்கிரம் எழுந்த நாளில் அதற்கு முன்பே படித்துவிட்டது. பேஞ்சில் சிப் எழுந்ததா என்று மட்டும் பார்த்தேன், எழுந்தவுடன் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. அந்த மனிதரை இரண்டு ராத்திரி எழுப்பியது என் 26 மில்லி நொடி.

ஆனால் அன்று மாலை கண்டுபிடித்த இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தச் சிப்பில் அலெர்ட் என்று தனிக் கம்பி உண்டு. மேல் வரம்பை 4 டிகிரி, கீழ் வரம்பை 2 டிகிரி என்று வைத்தால், 2க்குக் கீழே போகும்போது அந்தக் கம்பியின் நிலை மாறும், டிரைவருக்கு இன்டரப்ட், அதாவது உடனே கவனி என்ற சிக்னல், வரும். பத்து நிமிட அளவீடு தவறினாலும் இது காப்பாற்றும் என்று நம்பியிருந்தோம். அந்த வரம்புகளை எழுதுவது புரோபில், அதாவது டிரைவர் முதன்முதலில் சிப்போடு சேரும்போது ஓடும் பகுதியில், ஒரே ஒரு முறை. நான் சப்ளையை நிறுத்தியதும் சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி எழும்போது அதன் வரம்புகள் சிப்போடு வந்த 80, 75. ஊட்டியில் 80 டிகிரி எந்தக் காலத்தில் வரப்போகிறது? கம்பி ஒருபோதும் மாறாது. பொய் எச்சரிக்கையாவது ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்க வைத்தது. இது சத்தமே போடாது. நிஜ உறைபனி விழுந்த இரவில் பத்து நிமிட அளவீடும் தவறியிருந்தால், காலையில் கருகிய செடியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் அளந்து பார்த்தேன். விழித்திருக்கும்போதே இந்தச் சிப் எடுப்பது அதிகபட்சம் 10 மைக்ரோ ஆம்பியர். தூங்கும் போர்டு எடுக்கும் 0.1 வாட்டில் அது மூவாயிரத்தில் ஒரு பங்கு. இதற்காகவா சப்ளையை வெட்டினேன்!

இப்போது சப்ளையைத் தொடுவதில்லை. போர்டு தூங்கும்போதும் சிப் விழித்திருக்கிறது. அதன் அலெர்ட் கம்பியையே போர்டை எழுப்பும் இன்டரப்டாக வைத்திருக்கிறேன். சிப்புக்குப் போகும் சப்ளை ஒரு கணம் தடுமாறினாலும் அது மறந்துவிடலாம் என்பதால், ரெஸ்யூமில் வரம்புகளை ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதுகிறேன், எழுதியதைப் படித்தும் பார்க்கிறேன். வரம்பு மாறியிருந்தால் 35 மில்லி நொடி ஆகும்வரை யார் கேட்டாலும் வெப்பநிலையைச் சொல்லாமல், பிறகு வா என்று டிரைவர் திருப்பி அனுப்பும். சோதனையும் மாறியது. முன்பு தூங்கு, எழு, சரி என்று முடித்துவிடுவோம். இப்போது ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டியும் உப்பும் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சிப்பை இறக்கி, போர்டு தூங்கும்போதே குளிரவிட்டு, அது தானாக எழுகிறதா என்று பார்க்கிறோம். டம்ளரின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பூக்கும்வரை மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

புது டிரைவரோடு பெட்டியை வைக்கப் போனபோது அந்த ஐயாவிடம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சிப், ரிஜிஸ்டர் எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "முழிச்சதும் கேட்டா யாருக்குத்தான் நெதானம் இருக்கும்" என்றார்.

ஜனவரியில் ஒரு தெளிந்த இரவு, 3 மணி 40 நிமிடத்துக்கு, பத்து நிமிட முறைக்குக் காத்திருக்காமல் அலெர்ட் கம்பியே போர்டை எழுப்பியது. லாகில் முதல் அளவு 1.9375. அதற்கு முந்தையவை 2.1250, 2.3750 என்று படிப்படியாக இறங்கி வந்திருந்தன. மெசேஜ் போனது. ஆனால் அன்று மோடம் நெட்வொர்க்கைப் பிடிக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நான்கு நிமிடம் எங்கே போனது என்று இப்போது மோடம் டிரைவரின் ரெஸ்யூமைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.