சிறைப் பணிக்கு அனுமதி பெற ஏழு மாதம்: எங்கள் சபையின் அனுபவம்

கடந்த கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் சேகரத்திலிருந்து (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) ஒன்பது பேர் மத்திய சிறைக்குள் சென்று, கீதங்கள் பாடி, சிறு செய்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு மணி பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம். உள்ளே நடந்தது நல்லபடியாக நடந்தது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக ஜூன் மாதம் முதல் நாங்கள் பட்ட பாட்டைத்தான், இதே பணியைத் தொடங்க நினைக்கும் மற்றச் சபைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் தடை சிறையில் இல்லை, எங்கள் ஆலயத்திலேயே இருந்தது. “காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்” என்ற வசனத்தின்மேல் குருவானவர் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிவில் 34 பேர் கை உயர்த்தினார்கள். அடுத்த வாரம் ஆதார் நகலும் இரண்டு புகைப்படங்களும் கேட்டபோது அந்த 34 பேர் 9 பேராகச் சுருங்கினர். பெயர் காவல்துறைக் கணக்கில் ஏறிவிடுமோ என்று ஒருவர் பயந்தார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் சிறை வாசலில் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று இன்னொருவர் கேட்டார். சேகரக் கமிட்டியில் மூத்தவர் ஒருவர், செய்த குற்றத்துக்குத்தானே உள்ளே இருக்கிறார்கள், அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அரிசி வாங்கும் காணிக்கையை அங்கே ஏன் கொண்டுபோக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கை அவருக்குப் படித்துக் காட்டினேன்: நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். அவர் மறுத்துப் பேசவில்லை, பெயரும் கொடுக்கவில்லை.

அன்று கூட்டம் கலைந்தபின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் தனியே வந்து, தம் தம்பி இரண்டு ஆண்டுகள் ரிமாண்டில், அதாவது விசாரணைக் காவலில், இருந்ததாகவும், மாதந்தோறும் மனு போட்டுப் பார்த்துவிட்டு வந்ததை இத்தனை வருடமும் சபையில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். சிறையில் நேர்காணலுக்கு ‘மனு’ என்று பெயர் என்பதையே அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம். சிறைப் பணிக்கு ஆள் தேடும் சபைகள் முதலில் தேட வேண்டியது இப்படி மௌனமாக இருப்பவர்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசல் எங்கே, வரிசை எப்போது தொடங்கும், எந்த நாளில் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது விண்ணப்பம். சேகரத்தின் கடிதத்தாளில், “சிறைக்கைதிகளிடையே சுவிசேஷ ஊழியம் செய்ய அனுமதி வேண்டுதல்” என்று பொருள் குறிப்பிட்டு எழுதிக் கொண்டுபோனோம். சிறை அலுவலகத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்ட எழுத்தர் எண் எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது மேசையில் இருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று அவரே சொன்ன செவ்வாய்க்கிழமை, இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தால், அதிகாரிகள் எல்லோரும் ஆய்வுக்குப் போயிருக்கிறார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நான்காம் முறை போனபோது, இதை மேலே வைக்க முடியாது என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. காரணத்தை வெளிவாசலில் நின்றிருந்த தலைமைக் காவலர் ஒருவர்தான் சொன்னார்: “ஐயா, ஊழியம்னு எழுதினா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. கிறிஸ்தவக் கைதிகளுக்கு வழிபாடு, விரும்புகிற மற்றவங்களுக்கு நல்லொழுக்க வகுப்புன்னு பிரிச்சு எழுதுங்க.”

அந்த எழுத்தர்மீது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றரை மாதம் மிஞ்சியிருக்கும். ஆனாலும் அவர் திருப்பிக் கொடுத்த கடிதத்தில் நாங்கள் எழுதியிருந்த ‘ஊழியம்’ என்ற சொல் தவறானதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெருமுனைக் கூட்டத்தில் பிடிக்காதவர் நடையைக் கட்டலாம். சிறையில் நம் எதிரே உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்த வசதி கிடையாது. எழுந்துபோக முடியாதவரிடம் பேசும்போது எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்ததே அந்தக் கடிதம் திரும்பி வந்த பிறகுதான். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே போய்ப் பழையபடி பிரசங்கிக்கலாம் என்று நினைக்கும் சபைகள் தயவுசெய்து போக வேண்டாம். அடுத்து வருகிறவர்களுக்கும் கதவு மூடப்படும்.

இரண்டாம் விண்ணப்பத்துக்கு எங்களுக்கு உதவியவர்கள் கத்தோலிக்க அருட்சகோதரிகள். 1981-இல் கேரளத்தில் தொடங்கிய ‘பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா’ என்ற கத்தோலிக்கச் சிறைப் பணி அமைப்பு வழியாக அவர்களுக்கு இந்தப் பணியில் நீண்ட பழக்கம் உண்டு. பக்கத்துத் தெருவில் இருந்த அவர்களிடம் ஜூன் மாதமே கேட்காமல் போனது எங்கள் வீம்பு என்றே சொல்வேன். அவர்கள் காட்டிய மாதிரியின்படி வருபவர் பட்டியல், நாள், நேரம், நிகழ்ச்சி நிரல், கொண்டுவரும் பொருள்கள், பொறுப்பாளரின் கையொப்பம் எல்லாவற்றையும் தனித்தனித் தாளில் வைத்தோம். அதுவும் ஒருமுறை திரும்பியது. பட்டியலைச் சபைப் பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்திருந்ததால் மூன்று பேருக்கு ஞானஸ்நானப் பெயர் இருந்தது, ஆதாரில் வேறு பெயர் இருந்தது. இந்த முறை மட்டும் கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் பெறுகை எண்ணும் வாங்கிக்கொண்டேன். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டபிறகு, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்ற பதில் அரை நிமிடத்தில் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் அனுமதி கிடைத்தது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி அன்றும் எங்களுக்கு ஒரு பாடம் காத்திருந்தது. பெண்கள் சங்கத்தார் இரண்டு இரவு விழித்துச் செய்த அச்சுமுறுக்கையும் கேக்கையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியில் சமைத்த உணவை உள்ளே விட மாட்டார்களாம். விண்ணப்பத்தில் ‘இனிப்பு வகைகள்’ என்று எழுதியிருந்ததையும், அதன்மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. சோப்பு, பற்பசை, துண்டு ஆகியவற்றை ரசீதோடு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். கேக்கை என்ன செய்வது என்று திகைத்து நின்றபோது, தம்பியை மனு போட்டுப் பார்த்துவந்த அந்த அக்கா மனு வரிசையைக் காட்டினார். விடியற்காலையிலேயே வந்து, கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருந்த மனைவிமாரும் தாய்மாரும் அங்கே இருந்தார்கள். ஒரு டப்பாவும் மிஞ்சவில்லை. உள்ளே போக அனுமதி கிடைக்காத சபைகூட அந்த வரிசையில் தண்ணீரும் தேநீரும் கொடுத்து இந்தப் பணியைத் தொடங்கிவிடலாம். அதற்காக நாங்கள் ஏழு மாதம் காத்திருந்திருக்க வேண்டியதே இல்லை.

ஜனவரியிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை போகிறோம். முதல் சனிக்கிழமையே அனுமதி பறிபோகப் பார்த்தது. எங்கள் வாலிபர் ஒருவர், கைதி ஒருவர் கெஞ்சிக் கேட்டதற்காக அவருடைய வீட்டுத் தொலைபேசி எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது சோதனையில் அது பிடிபட்டது. இரக்கத்தால் செய்தது என்றாலும் அங்கே அதற்குப் பெயர் வேறு. நான் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டு, அந்தத் தம்பியைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகே அடுத்த மாதம் விட்டார்கள். சீட்டு, கடிதம், எண் எதையும் உள்ளேயிருந்து வெளியே கொண்டுவராதீர்கள், வெளியேயிருந்து உள்ளேயும் கொண்டுபோகாதீர்கள். என்ன குற்றம் என்று கேட்காதீர்கள். வழக்கை முடித்துத் தருகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

வழக்கைப் பற்றி அவர்களாகவே கேட்டால் சொல்வதற்கு ஒரு வழி உண்டு. காவலில் உள்ளவர் எவரும் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வழக்கறிஞரைப் பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இடமளிக்கிறது. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே இருப்பவர்களுக்காக மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த ஏழைக் கைதிகள் திட்டத்தில், ஜாமீனுக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதியின் அபராதத்துக்கும் பண உதவி பெற வழி இருக்கிறது (2023-இல் தொடங்கியபோது ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள்). சில கடுமையான சட்டங்களின் கீழ் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. இவற்றைச் சிறையின் நல அலுவலரிடம் கேட்கும்படி சொல்வதோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். மார்ச் மாதத்தில் எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் அப்படிக் கேட்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் மூலம் வெளியே போய்விட்டதாக அடுத்த மாதம் மற்றவர்கள் சொன்னார்கள். அவர் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

இப்போது பட்டியலில் 16 பேர் இருக்கிறோம். ஒருமுறைக்கு நான்கு பேர் என்று சுற்று வைத்திருக்கிறோம். அசனக் காணிக்கையைப் பற்றிக் கேட்ட பெரியவர் இன்னும் பெயர் தரவில்லை. மாதந்தோறும் சோப்புக்குப் பணம் மட்டும் ஒரு கவரில் போட்டுத் தருகிறார். அடுத்த அரையாண்டுக்கான விண்ணப்பத்தை வரும் 20-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஆதார் நகல் தராத நான்கு பேர் இந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே என்னிடம் தந்துவிடுங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.