தில்லையில் ஆடுகிறவர் பெயர்

கடைவாய்ப் பல் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை. பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த நர்ஸ் கையிலிருந்த தாளைப் பார்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அப்பா வந்து நிற்கிறார் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அது என்னைத்தான் என்று உறைத்தது.

அப்பாவின் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் யாரும் கிடையாது. அப்பாயிக்கு அவர் தம்பி, சித்தப்பாவுக்கு அண்ணன், அம்மாவுக்கு 'என்னங்க'. வெளி ஆள் யாராவது அம்மாவிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுவிட்டால், "தில்லையில ஆடுறவரு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். நானும் அப்படியே சொல்லி வைக்கிறேன். வீட்டில் ஒருவரும் சொல்லாத அந்தப் பெயரை அமெரிக்காவின் இந்த சாக்ரமெண்டோ நகரத்தில் வங்கி, மருந்துக் கடை, மின்சார அலுவலகம் எல்லாரும் நான்கு துண்டாக உடைத்துக் கூப்பிடுகிறார்கள். போனில் ஒவ்வொரு எழுத்தாக நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

இது எப்படி என் தலையில் வந்து உட்கார்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2019, விகாரி வருடம், ஆவணி மாதம். குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம். என் வீட்டுக்காரர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மூன்று வாரம்தான் லீவு. மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று அந்த மூன்று வாரமும் ஓடிவிட்டது. கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றுதான் நினைத்தோம். அவர் விமானம் ஏறிய பிறகுதான் சித்தப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டிப் பதியலாம். அதற்கும் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கடல் கடந்து போயாகிவிட்டது.

பொங்கலுக்குப் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டுப் பொங்கல் கழிந்து சார்பதிவாளர் அலுவலகம் திறந்த அன்றைக்கே போய் நின்றோம். அப்போது சார்பதிவாளர் கொடுத்த சான்றிதழில் மாவட்டம் நாகப்பட்டினம் என்று இருந்தது. அந்த ஒரு சொல் பின்னால் எங்களை எப்படி அலைக்கழிக்கப் போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

பிப்ரவரி 2020-ல் அவர் 535 டாலர் கட்டி ஐ-130 மனுவைப் போட்டார். இவள் என் மனைவி, இவளை இங்கே அழைத்துக்கொள்ள அனுமதியுங்கள் என்று கேட்கிற மனு அது. மார்ச்சில் கொரோனா வந்தது. இந்தியாவிலிருந்த அமெரிக்கத் தூதரகங்கள் விசா நேர்காணல்களை நிறுத்திவைத்தன. அந்த வருடம் மேட்டூரை எட்டு வருடத்துக்கு அப்புறம் சரியாக ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். ஊரில் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். நான் மட்டும் போனில் மனுவின் எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலை ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்து புருஷனைப் பிரித்து வைப்பதும், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விருந்து வைத்து ஆடிப்பால் கொடுப்பதும் நம் வழக்கம். அம்மா தேங்காய்ப் பால் பிழிந்து, வெல்லம் ஏலக்காய் போட்டு, வெள்ளி டம்ளரில் ஊற்றி, போனில் அவருக்குக் காட்டினார். "நீங்க குடிக்கிறதா நெனச்சு இவ குடிக்கட்டும் மாப்ள" என்று அம்மா சொன்னதும் அந்தப் பக்கம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் பிரிவு ஒரு ஆடியோடு போய்விடும். எங்களுக்கு இரண்டு ஆடி.

மனு அந்த டிசம்பரில் ஏற்கப்பட்டது. அதற்கப்புறம் 325 டாலரும் 120 டாலரும் தனித்தனியாகக் கட்டி, ஆவணங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அங்கேதான் எங்கள் தவறுகள் வரிசையாக வெளியே வந்தன.

முதலில் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, என்னைப் பற்றி இருந்ததெல்லாம் 'பெண் குழந்தை' மட்டும்தான். பெயருக்கான கட்டம் காலி. பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் ஏது பெயர்? புண்ணியாவாசனம் அன்றைக்குத்தான் அப்பாயி காதில் மூன்று தரம் சொல்வார். அப்புறம் யாரும் போய்ச் சேர்க்கவில்லை. 15 வருடத்துக்குள் சேர்த்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற பழைய பதிவுகளுக்கு அரசு அப்போது கால நீட்டிப்பு கொடுத்திருந்ததால் தப்பித்தோம்.

அதற்காக அம்மாவும் நானும் மாயவரம் போனோம். கவுண்டரில் இருந்த அம்மா நல்ல மாதிரி. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, சரிபார்ப்பதற்காக, "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அம்மா முகக்கவசத்துக்குள்ளிருந்து மெதுவாக, "தில்லையில ஆடுறவரு" என்றார். கவுண்டர் அம்மா ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டார். "எங்க அம்மாவும் இப்படித்தான், திருவாரூர் தேர்ல வர்றவருன்னுதான் சொல்லும்" என்று சிரித்துக்கொண்டே அவரே எழுதிக்கொண்டார். அங்கே அப்படி ஒரு குறிப்புப் போதும். பெயரைச் சொல்லாமலேயே ஒரு ஆளை அடையாளம் காட்டிவிடலாம். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கவுண்டர்தான் இந்த மூன்று வருட அலைச்சலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அடுத்தது மாவட்டம். நான் பிறந்தது 1991 ஜூன். பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம். எனக்கு நாலு மாதம் ஆனபோது, அக்டோபரில், நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பள்ளிச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் நாகப்பட்டினம். 2020 டிசம்பர் 28-ல் மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தது. அதற்கப்புறம் வாங்கிய தாள்களில் எல்லாம் மயிலாடுதுறை. நாங்கள் அதே கொல்லை, அதே வாய்க்கால், அதே மூன்று மா நிலத்தோடு அப்படியே இருந்தோம். மாவட்டங்கள்தான் எங்கள் தலைக்கு மேலே மாறிக்கொண்டிருந்தன. போதாததற்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர் ஒரு இடத்தில் மாயவரம் என்றும் இன்னொரு இடத்தில் மாயூரம் என்றும் போட்டிருந்தார். தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அன்றைக்கு இரவு உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதினேன். மாயூரம் 1982-ல்தான் மயிலாடுதுறை ஆனது, ஊர்க்காரர்கள் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்கிறோம், மூன்றும் ஒன்றே. 1991-ல் இது பிரிந்தது, 2020-ல் அது பிரிந்தது என்று. எழுதும்போது அழுகையாக வந்தது. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊரை, அது ஒரே ஊர்தான் என்று யாரிடமோ நிரூபிக்க வேண்டி வந்ததே.

கடைசியாகப் பெயர். என் பாஸ்போர்ட்டில் நம் வழக்கப்படி என் பெயர் மட்டும்தான் இருந்தது, குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. அவர் மனுவில் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று என் அப்பா பெயரைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட் ஒன்று சொல்கிறது, மனு ஒன்று சொல்கிறது. தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நடந்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் வாங்கினேன். இனிஷியலோடு இருக்கிற பள்ளிச் சான்றிதழும், இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட்டும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம். நடுவில் 2021 மே ஊரடங்கு. ஒவ்வொரு தாளையும் திருத்தி ஏற்றிவிட்டு மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்போம்.

இங்கே கோயிலில் பாபநாசம் பக்கத்து அக்கா ஒருவரைப் பார்த்தேன். அவர் பாஸ்போர்ட்டை மாற்றாமலேயே வந்துவிட்டவர். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுகிறார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அவருடைய ஓட்டுநர் உரிமத்திலும் அதே. "பெத்தவங்க வச்ச பேர் எனக்குத் தெரியுமே, யாருக்குத் தெரியலங்கிறாங்க?" என்று அந்த அக்கா கேட்டார். எனக்கு அப்பா பெயராவது கிடைத்ததே என்று அன்றைக்குத் தோன்றியது. கல்யாணம் நிச்சயமான வீடுகளில் நான் இப்போது கெஞ்சாத குறையாகச் சொல்வது இதுதான்: பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே பெண்ணின் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து, காலிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்குள் கல்யாணத்தைப் பதிந்துவிடுங்கள். விருந்து ஒரு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது.

2022 மே மாதம் மும்பையில் நேர்காணல். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடத் தாள்களையும் பையில் சுமந்துகொண்டு போயிருந்தேன். பாதியைக் கேட்கவே இல்லை. வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டால் அவர் முந்திக்கொண்டார்: "மேட்டூர் தெறந்துட்டாங்க தெரியுமா!" அந்த வருடம் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் வந்தது, என் விசா பின்னால் வந்தது.

தாமதத்தில் ஒரு நன்மையும் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் அமெரிக்காவுக்குள் நுழைந்தால் இரண்டு வருடத்துக்கு மட்டும் நிபந்தனையோடு கிரீன் கார்டு கொடுப்பார்கள். அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள், இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று மறுபடி தாள்களைக் கட்ட வேண்டும். எங்களுக்கு இரண்டு வருடம் எப்போதோ தாண்டிவிட்டதால் நேரே பத்து வருடக் கார்டு. இதைக் கேட்டதும் அப்பாயி, "முடவன் முழுக்குடி" என்றார். ஐப்பசி முழுக்க மாயவரம் துலாக் கட்டத்தில் ஊரெல்லாம் முழுகிக் கரையேறிய பிறகு, நடக்க முடியாமல் கார்த்திகை முதல் நாள் வந்து சேர்ந்த முடவனுக்கும் சாமி அதே புண்ணியத்தைக் கொடுத்தார் இல்லையா, அதைச் சொன்னார். ஆடியில் அனுப்பக் கூடாது என்று ஆனி முடிவதற்குள் என்னை விமானம் ஏற்றிவிட்டதும் அப்பாயிதான். அந்த ஆடிப் பெருக்குக்கு இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதைப் போனில்தான் பார்த்தேன்.

வந்து பதினோரு மாதம் ஆகிறது. பழகிவிட்டது. தனியாகக் கடைக்குப் போகிறேன், கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன், குளிரைத் தாண்டிவிட்டேன். போன மாதம் அவர் ஊருக்கு வடக்கே கூட்டிப் போனார். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள். நெல்! இந்தச் சமவெளியில் நெல் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. குட்டி விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து விதையைத் தண்ணீரில் தூவிவிட்டுப் போனது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். நாற்று முடி இல்லை, வரப்பில் தூக்குவாளி இல்லை, குலவை இல்லை. ஆனாலும் சேற்று வாசனை அதேதான். வீட்டுக்கு வரும் வரைக்கும் நான் பேசவில்லை; அவரும் கேட்கவில்லை.

பல்லைப் பிடுங்கிவிட்டு வந்த அன்று இரவு, அங்கே விடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே நர்ஸ் கூப்பிட்ட கதையைச் சொன்னேன்.

"அப்பா பேரச் சொல்லியா?"

"ஆமாம்மா."

"சத்தமாவா?"

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் மண்வெட்டியைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. என்னவாம் என்று அப்பா கேட்டார்.

"உங்களத்தான் அங்க கூப்புட்டாங்களாம்" என்றார் அம்மா.

"தண்ணி இப்பதான் வாய்க்காலுக்கு வந்திருக்கு. நடவு முடிஞ்சதும் வர்றன்னு சொல்லு" என்றார் அப்பா.