வாசலில் கிடந்த செருப்பு

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் 11 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். காலை எட்டு மணிக்கெல்லாம் வெளியே பெஞ்சு நிரம்பிவிடும். பழைய கட்டைப் பிரிக்கும்போது வரும் வாடையை வைத்தே புண் ஆறுகிறதா, உள்ளே போகிறதா என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழகியிருந்தது.

நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வருவார். நடவு, களையெடுப்பு என்று ஆயுசெல்லாம் வயல் வேலை. முதலில் வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறி வீட்டுக்குப் போகும்போது புண் வராமல் காலைக் காக்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்து, வாங்கவும் வைத்தோம். எட்டு மாதம் கழித்து அதே பாதத்தில் விரலடியில் ஒரு குழியோடு திரும்ப வந்தார்.

“செருப்பு போடலையாம்மா?”

“போட்டுக்கிட்டுதான் சிஸ்டர் இருக்கேன்.”

பின்னால் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான். கடையில் கொடுத்த கவர்கூடப் பிரிக்காமல் ஆணியில் தொங்குகிறது என்று வெளியே வந்தபிறகு சொன்னான். அன்று அந்த அம்மாவைத் திட்டினேன். அக்கறையில்தான் திட்டினேன். ஆனால் ஏன் போடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

34 வயதில், சம்பளம் இல்லாத விடுப்பில், நலவாழ்வுத் துறையில் சமூகப் புத்தாக்கமும் தொழில்முனைவும் சொல்லித்தரும் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர்ந்ததற்கு அந்தக் கவர்தான் காரணம். வகுப்பில் இன்ஜினியர்கள், ஒரு பல் மருத்துவர், பார்மசி படித்தவர்கள், பி.காம். முடித்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். வார்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது சர்க்கரை நோயாளியின் கால். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்லியிருந்தது. முதல் வாரத்திலேயே குழுவில் இருந்த இன்ஜினியர் தம்பி ஒரு படம் வரைந்துவிட்டான். செருப்பின் உள்ளே அழுத்தத்தை அளக்கும் சென்சார், அழுத்தம் கூடினால் போனில் எச்சரிக்கை. நல்ல மூளைக்காரன், ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை செய்வான். ஆசிரியர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஆறு வாரத்துக்கு யாரும் தீர்வு பேசக் கூடாது. ஊருக்குப் போய்ப் பாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். எனக்கும் அப்போது கோபம்தான். 11 வருடம் பார்க்காததையா ஆறு வாரத்தில் பார்த்துவிடப் போகிறோம் என்று நினைத்தேன்.

போவதற்கு முன் எங்களைப் படிக்கச் சொன்ன கதைகளில் ஒன்று எம்ப்ரேஸ். 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வகுப்பில் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை, குறைந்த விலையில் இன்குபேட்டர் செய்வது. நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால், நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததெல்லாம் கிராமங்களில். அங்கிருந்து நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். அதனால் கரண்டே இல்லாமல் சில மணி நேரம் 37 டிகிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மெழுகு போன்ற ஒரு பொருள் வைத்த சின்னத் தூங்கும் பை செய்தார்கள். அதன் பெயர்தான் எம்ப்ரேஸ். கதை அதோடு முடியவில்லை. இந்தியாவில் ஒரு தாயிடம் காட்டியபோது, இங்கிலீஷ் மருந்து எப்போதும் வீரியம் அதிகம், அதனால் 37 என்று சொன்னாலும் நான் கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பேன் என்றாராம். உடனே எண்ணையே எடுத்துவிட்டு, சரியான சூடு வந்தால் ‘ஓகே’ என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். அந்தத் தாயை யாரும் திட்டவில்லை. நான் அங்கேயே வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றியும் நாள் கணக்கில் பேசினோம். 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 58 வயதில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. 1993-இலேயே ஹார்வர்டில் அதைப் பாடமாக எழுதிவிட்டார்கள். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கு இலவசம், 1992-இல் தொடங்கிய ஆரோலேப் என்ற தங்கள் சொந்தத் தயாரிப்புக்கூடத்தில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்தது, இதெல்லாம் எல்லோரும் சொல்வது. என் மனதில் நின்றது வேறு. ஆபரேஷன் இலவசம் என்று சொன்னபிறகும் கிராமத்துப் பெரியவர்கள் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, கூட வர ஆள் இல்லாதது. அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, திரும்பவும் கொண்டுபோய் விட்டார்கள். கண் மருத்துவத்தோடு பஸ்ஸும் சாதமும் சிகிச்சையில் ஒரு பங்காகிவிட்டன.

எம்.சி.ஆர். செருப்புக்கும் பெரிய வரலாறு உண்டு, அதுவும் நம் ஊரிலேயே. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாததால்தான் என்று கண்டுகொண்டவர். வலி தெரியாத கால் கல்லை மிதித்தாலும் மிதித்தபடியே நடக்கும். அந்தக் கால்களுக்காக வேலூரிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உழைத்து உருவாக்கிய செருப்புத்தான், அதேபோல் கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிக்கும் பிறகு வந்தது. உள்ளே பஞ்சு மாதிரி மைக்ரோசெல்லுலார் ரப்பர், அடியில் கெட்டியான சோல், பின்னால் ஒரு வார். எங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவோ தைக்கவோதான் வேண்டும். சாதாரணச் செருப்பு போட்டவர்களுக்குப் புதுப் புண் அதிகம் வந்தது என்று 2004-இல் வெளியான சென்னை ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆக, மருந்து கையில் இருக்கிறது. அதைக் காலில் ஏற்றுவதுதான் நடக்கவில்லை.

ஆறு வாரத்தில் 20 வீடுகளுக்கு மேல் போனோம். முதல் வீட்டிலேயே எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. செருப்பு வாசலில் கிடந்தது. அந்த வீட்டு அம்மா உள்ளே சமையல்கட்டுக்கும் கொல்லைக்கும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்க அவர் நடக்கும் நடையில் முக்கால்வாசி வீட்டுக்குள்தான். ‘நடக்கும்போது செருப்பு போடுங்கள்’ என்று நாங்கள் சொன்னதை அவர் அப்படியே கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் நடப்பதை யாரும் நடப்பதாக எண்ணுவதில்லை.

இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர் தணிந்த குரலில், “அது குஷ்டரோகிச் செருப்பும்மா. டீக்கடையில பார்த்தா பெஞ்சுல தள்ளி உட்காருவாங்க” என்றார். கறுப்பு வாரையும் வெல்க்ரோவையும் வைத்தே அந்தத் தலைமுறை அடையாளம் கண்டுகொள்கிறது. கோயிலுக்குப் போகிற பெண்களோ சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கல்லில் கால் வெந்ததே தெரியாமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ராத்திரி கொப்புளத்தைப் பார்த்த கதையைச் சொன்னார்கள்.

என்னை உலுக்கியது ஓய்வு பெற்ற ஒரு வாட்ச்மேன் ஐயாவின் செருப்பு. அவர் ஒழுங்காகப் போட்டவர். நான்கு மாதத்தில் வார் விட்டுப்போயிற்று. பஸ் ஸ்டாண்ட் ஓரம் செருப்பு தைப்பவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் தன் வேலையை நன்றாகவே செய்தார், நிற்கட்டும் என்று இரண்டு சின்ன ஆணி அடித்தார். ரப்பர் மெதுவாக அமுங்க அமுங்க ஆணி முனை மேலே வந்துவிட்டது. ஐயா இரண்டு நாள் அதன் மேல் நடந்திருக்கிறார். தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் பார்த்து அவர் வீட்டம்மாதான் கத்தியிருக்கிறார். அந்தச் செருப்பை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினேன். முனை சுருக்கென்று குத்தியது. விரல் சொல்லிவிட்டது, கால் சொல்லவில்லை. கூட வந்த இன்ஜினியர் தம்பியும் தடவிப் பார்த்தான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. சென்சார் படத்தை அதற்குப் பிறகு அவனே எடுக்கவில்லை.

எங்கள் திட்டம் அப்புறம் ரொம்பச் சின்னதாகிவிட்டது. ஒருவருக்கு ஒரு ஜோடி என்பதை இரண்டாக்கினோம். ஒன்று வெளிக்கு, ஒன்று வீட்டுக்குள் மட்டும். கறுப்பை விட்டு, கடையில் எல்லோரும் வாங்கும் பழுப்பு நிறத்தில், வெல்க்ரோவுக்குப் பதில் பக்கிள் வைத்தோம். அந்த பஸ் ஸ்டாண்ட் அண்ணனையே தேடிப் போய்ப் பேசினோம். நடந்ததைக் கேட்டதும் அவர் கையில் இருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஆணி இல்லாமல் சொல்யூஷன் போட்டு ஒட்டி, தைத்து, வாரை மாற்றும் முறையை அவர்தான் எங்களுக்குச் செய்து காட்டினார். இப்போது எம்.சி.ஆர். என்றால் அந்தச் சுற்று வட்டாரமே அவரிடம் போகிறது.

பணம் என்று வந்தபோதுதான் படிப்பின் கடினமான பாகம் தொடங்கியது. கண்புரை எடுத்தவருக்கு மறுநாள் கட்டைப் பிரித்ததும் பேரன் முகம் தெரிகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காக, வசதி இருப்பவர் காசு கொடுப்பார், அக்கம்பக்கத்தாரையும் அனுப்புவார். செருப்பு நன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. கால் இருந்தபடியே இருக்கும். நடக்காத ஒன்றுக்கு யார் காசு கொடுப்பார்கள்? என் வார்டில் விரலை எடுக்கும் ஆபரேஷனுக்குக் காப்பீட்டில் பணம் வந்தது. அந்த விரலைக் காக்கும் செருப்புக்கு நோயாளிதான் ஒரு வாரக் கூலியைக் கொடுத்தார். இது அநியாயம் என்று நான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். ஆசிரியர், அநியாயத்தைக் கணக்காக எழுதிக் கொண்டுவா என்றார். ஒரு கால் புண்ணுக்குக் கட்டு, ஆன்டிபயாட்டிக், படுக்கை, கூட இருக்கும் மகனின் சம்பள இழப்பு என்று ஒவ்வொரு குடும்பத்திலும் உட்கார்ந்து எழுதி எடுத்தேன். நர்ஸாக இருந்தபோது இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. அந்தத் தாள்களை வைத்துத்தான் ஒரு அறக்கட்டளை முதல் தொகுதிச் செருப்புகளுக்குப் பணம் கொடுத்தது. பணம் கேட்டுக் கதவு தட்டுவது இன்னும் நிற்கவில்லை.

சேற்றுக்கு எங்களிடம் பதில் இல்லை. எம்.சி.ஆர். செருப்போடு வயலில் இறங்க முடியாது. நடவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் யார்? அதைத்தான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

படிப்பு முடிந்து அதே டிரெஸ்ஸிங் ரூமுக்குத் திரும்பினேன். வாரம் ஒரு நாள் வீடுகளுக்குப் போகிறேன். நாகப்பட்டினத்து அம்மாவுக்கு வீட்டுக்குள் போடும் ஜோடியைக் கொண்டுபோனபோது அவர் வாங்கவே மாட்டேன் என்றார். “விளக்கு வைக்கிற வீடு சிஸ்டர். செருப்புக் காலோட எப்படி நடமாடுறது?” நான் திட்டவில்லை. ஏம்மா என்று கேட்டேன், ரொம்ப நேரம் பேசினார். அடுத்த முறை ஓ.பி. வந்தபோது டாக்டரிடம் சொல்லி, சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே அதையும் எழுதச் சொன்னேன். ‘காலுக்கு எம்.சி.ஆர். வீட்டுக்குள். காலை முதல் இரவு வரை.’ அந்த அம்மா சீட்டை மகனிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். “அப்போ இது மருந்துல சேர்த்தியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போன மாதம் போயிருந்தேன். வெளிச் செருப்பு வாசலில் கிடந்தது. பழுப்பு ஜோடி உள்ளே பாய்க்குப் பக்கத்தில். சாமி மாடத்துக்கு முன் மட்டும் கழற்றிவிட்டு ஒரு பாயை விரித்து நிற்பாராம், அதை அவரே யோசித்துக்கொண்டார். எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தவர், செருப்பை எடுத்து, உள்ளே கையை விட்டு நுனிவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, காலில் மாட்டிக்கொண்டு நடந்தார்.