ஒரு சென்ட் போனால் ஐந்து சென்ட் என்ன ஆகும்?

சின்னக் காசை ஒழிப்பதா, மலிவான உலோகத்தில் அடிப்பதா என்ற பேச்சு வந்தாலே இரண்டில் ஒன்றைச் சொல் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மதிப்பில் கடைசியான காசை நிறுத்து. கையோடு அதற்கு மேலுள்ள காசுகளின் எடையைக் குறை.

உலோகத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஒரு சென்ட்டே (டாலரில் நூறில் ஒரு பங்கு) சாட்சி. 1982-இல் அதன் எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாக இறங்கியது. உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. மொத்தத்தில் செம்பு 2.5 சதவீதம்தான். அப்படியும் 2024 நிதியாண்டில் ஒரு காசுக்கான செலவு 3.69 சென்ட். தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டுவது, விளிம்பு எழுப்புவது, பூச்சு, முத்திரை, எண்ணி மூட்டை கட்டுவது, லாரியில் ஏற்றுவது என்று எந்த உலோகமானாலும் இந்த வேலைகள் குறையாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மலிவு உலோகத்துக்கு அதற்கே உரிய நோய்களும் உண்டு. துத்தநாகக் காசில் ஆழமாக ஒரு கீறல் விழுந்து ஈரம் பட்டால் போதும், செம்பும் துத்தநாகமும் சேர்ந்து குட்டி பேட்டரிபோல் வேலை செய்யும். துத்தநாகம்தான் கரையும். மேலே கொப்புளம் கிளம்பும், உள்ளே குழி விழும். எஃகில் வேலையின் வரிசைதான் முக்கியம். 1943-இல் அமெரிக்காவில் தகட்டுக்கு முதலில் துத்தநாகம் பூசிவிட்டு, பிறகு வில்லை வெட்டினார்கள். வெட்டிய விளிம்பில் எஃகு அப்படியே தெரிந்தது, துரு அங்கிருந்தே ஏறியது. முதலில் வெட்டி, பிறகு பூசினால் விளிம்பும் மூடிக்கொள்ளும். எஃகு கடினமானது என்பதால் உருவத்தை மேடு குறைத்துச் செதுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அச்சு சீக்கிரம் தேயும்.

தானியங்கி இயந்திரம் காசைப் பார்ப்பதில்லை. விட்டத்தையும், கம்பிச்சுருளைக் கடக்கும்போது உலோகம் காட்டும் மின்காந்த அளவையும்தான் பார்க்கிறது. பூச்சின் தடிமன் காசுக்குக் காசு மாறினால் அந்த அளவும் மாறும். நல்ல காசைத் துப்பாமலிருக்க ஏற்பு வரம்பைத் தளர்த்தினால் போலியும் உள்ளே நுழையும். மனிதக் கைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். 1979-இல் வந்த அமெரிக்க ஒரு டாலர் நாணயத்தின் விட்டம் 26.5 மி.மீ., கால் டாலருடையது 24.26. இரண்டும் ஒரே வெள்ளை நிறம். ஜனங்கள் குழம்பி, அதைத் தொடவே மறுத்தார்கள்.

நிறுத்துவதில் சறுக்கும் இடம் முழுமையாக்கல், அதாவது தொகையை மிஞ்சியிருக்கும் காசுகளில் கொடுக்கக்கூடிய அருகிலுள்ள தொகைக்கு ஏற்றுவதோ இறக்குவதோ. கனடா 2013 பிப்ரவரியில் ஒரு சென்ட் விநியோகத்தை நிறுத்தியபோது சொன்ன விதி தெளிவானது: வரி சேர்த்த மொத்தத்தை மட்டும், ரொக்கத்துக்கு மட்டும், அருகிலுள்ள 5 சென்ட்டுக்கு. தொகையின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே. 3, 4 மேலே. 6, 7 கீழே. 8, 9 மேலே. அட்டையில் செலுத்தினால் பைசா சுத்தமாக அதே தொகை. இதைப் பொருளுக்குப் பொருள் செய்தால் கெட்டது. 98 சென்ட் பொருள் மூன்றைத் தனித்தனியாக முழுமையாக்கினால் 3.00, மொத்தத்தை முழுமையாக்கினால் 2.94 என்பது 2.95. ரசீதில் இந்த வித்தியாசத்தைத் தனி வரியாகக் காட்டாவிட்டால் ராத்திரி கல்லாக் கணக்கு உதைக்கும்.

நியூசிலாந்து 2006-இல் செய்ததே எனக்குப் பிடித்த வழி. 5 சென்ட்டை நிறுத்திய கையோடு 10, 20, 50 சென்ட்களைப் பூச்சிட்ட எஃகில் சிறிதாக்கினார்கள். 50 சென்ட் 13.6 கிராமிலிருந்து 5 கிராமானது. 10 சென்ட்டுக்கு முழுமையாக்கும்போது 5-இல் முடியும் தொகை எந்தப் பக்கம் போகும் என்பதைக் கடைக்காரரிடமே விட்டது மட்டும் உறுத்துகிறது.

அமெரிக்கா 2025 நவம்பரில் ஒரு சென்ட்டை நிறுத்தியது. முழுமையாக்கலுக்கு நாடு தழுவிய சட்டம் முன்கூட்டியே வரவில்லை. ஐந்து சென்ட்டையும் தொடவில்லை: அதே 5 கிராம், 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல், 2024 கணக்கில் செலவு 13.78 சென்ட். ஒரு சென்ட்டில் நஷ்டம் 2.69, இதில் 8.78. சில்லறைக்காகக் கூடுதலாக அடிக்கும் ஒவ்வொரு ஐந்து சென்ட்டும், அடிக்காமல் விட்ட மூன்று ஒரு சென்ட் காசுகளின் மிச்சத்தை விழுங்கிவிடும்.