ஆறாம் மாடியில் நிற்காத மின்தூக்கி

எங்கள் படப்பிடிப்புக் கூடம் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இருந்தது. கீழ்த்தளம் முழுக்கக் கார் பழுதுபார்க்கும் கடைகள்; நான்காம் மாடியில் நாங்கள் ஐந்து பேரும் இருபது செண்டிமீட்டர் உயரத்தில் ஒரு பொம்மைச் சிறுவனும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போவோம். ஊரின் ஈரக்காற்று அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து வேலை செய்யும். பலகை உப்பும், பசை இளகும். காலையில் பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடிதான் தெரியும். நேற்றைய கடைசிப் படத்தையும் இன்றைய முதல் படத்தையும் திரையில் அடுத்தடுத்து ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும்: சுவரோரம் இருந்த கதவு ஒரு மயிரிழை துள்ளும். துள்ளினால் அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அதுவரை பத்து ஆண்டுகளுக்கு மேல் கணினி அனிமேஷனில்தான் இருந்தேன். வேறு நாட்டு இயக்குநர்களின் தொடர்களுக்குக் கைகால் அசைத்துக் கொடுக்கும் வேலை. இயக்குநர் கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருப்பார். இரவில் நாங்கள் அனுப்பியதற்குக் காலையில் குறிப்பு வந்திருக்கும். 'கண் சிமிட்டலைச் சற்றே தாமதப்படுத்தவும்.' அவர் முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. அம்மா தேக்கா சந்தையில் தெரிந்தவர்களைச் சந்தித்தால், "பிள்ளை கார்ட்டூன் போடுகிறான்" என்பார். எதற்குப் போடுகிறான், யார் பார்க்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் காய்கறிப் பேச்சுக்குத் தாவிவிடுவார்.

பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. சிறுவர்களுக்கான பதினொரு நிமிட மாயக்கதை, தமிழில், ஸ்டாப் மோஷன் முறையில்: பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, தொடர்ந்து ஓட்டுவது. கதை என்னுடையது, இயக்குநரும் நானே. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது என்பது இங்கே நடுவயதைத் தொட்டவர்களுக்கு நினைவிருக்கும். முதல் மாடி, ஐந்து, ஒன்பது என்று நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான் பல கட்டடங்களில் அது மாறியது. எங்கள் கதைச் சிறுவன் ஏழாம் மாடி. ஐந்தில் இறங்கி அரிசிப் பையோடு ஏறுகிறவன். ஒருநாள் மின்தூக்கி, நிற்கவே நிற்காத ஆறாம் மாடியில் நின்று கதவைத் திறக்கிறது. வெளியே நடைபாதை இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தாத்தா வேலை பார்த்த காலத்து வீட்டின் அடுப்படி. அங்கே, அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விநாடித் திரைப்படத்துக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பொம்மைப் படத்தில் பெரும்பாலும் ஓர் அசைவை இரண்டு ஃபிரேம் நிறுத்திப் பிடிப்பார்கள். ஆக, விநாடிக்குப் பன்னிரண்டு முறை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு விநாடி கிடைத்தால் நல்ல நாள். திங்கட்கிழமை கதவைத் தள்ளத் தொடங்கும் சிறுவன் புதன்கிழமைதான் உள்ளே எட்டிப் பார்ப்பான். இடையில் அசைப்பவருக்குக் காய்ச்சல் வரும், வீட்டில் சண்டை வரும், நோன்பு தொடங்கும். சிறுவனுக்கு மட்டும் அதே அரை விநாடி வியப்பு. அந்த வியப்பு எந்த அளவில் இருந்தது என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருபவனுக்குச் சம்பளம் கொடுத்து இயக்குநர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வசனத்தில்தான் மாட்டிக்கொண்டேன். குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, எந்த ஃபிரேமில் எந்த ஒலி என்று அட்டவணை போடுவது வழக்கம். ம, ப, வ வந்தால் உதட்டைக் கவனிக்க வேண்டும். ழகரத்தைத் தமிழின் தனிச்சிறப்பு என்று மேடைதோறும் பேசுகிறோம். பொம்மைக்கு அது ஒன்றுமே இல்லை. நாக்கு உள்ளே மடிவதை யார் பார்த்தார்கள்? அட்டவணையை நானே எழுதினேன். அசைத்தவர் மலாய் நண்பர், கைப்பக்குவத்தில் எங்களில் முதல் ஆள். தமிழ் தெரியாது என்பதால் பொருளையும் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

சிறுவன் சொல்ல வேண்டியது: "அந்த மாடிக்கு நான் போக மாட்டேன்." இரண்டரை விநாடி. நண்பர் 'அந்த' என்ற சொல்லிலேயே தலையை இடம் வலமாக ஆட்டத் தொடங்கியிருந்தார். அசைவில் ஒரு பழுதும் இல்லை, தோள்கூடத் துல்லியமாகக் குறுகியிருந்தது. ஆனாலும் உறுத்தியது. காரணம் புரிய எனக்கு ஒரு தேநீர் நேரம் ஆனது. மலாயிலும் ஆங்கிலத்திலும் மறுப்பு முன்னாலேயே வந்துவிடும். தமிழில் 'போக' என்பது வரைக்கும் அவன் எந்தப் பக்கமும் சாயலாம். 'போக வேண்டும்' என்றுகூட முடிக்கலாம். கடைசிச் சொல்லில்தான் பயல் முடிவெடுக்கிறான். தலை முதலிலேயே ஆடிவிட்டால், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று ஆகிவிடுகிறது.

திரும்ப எடுக்கலாம் என்றேன். "ஒரு தலையாட்டலுக்கா?" என்று கேட்டார். கோபம் இல்லை, களைப்புதான். முப்பது அசைவுகள், ஏறக்குறைய ஒரு முழு நாள். நன்றாகச் செய்யாத வேலையைத் திருப்பிக் கொடுப்பது எளிது. நன்றாகச் செய்த வேலையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தொண்டை வறண்டு போகிறது. அன்றைக்கு, முகம் தெரியாத அந்த வெளிநாட்டு இயக்குநர்களை எல்லாம் மனதுக்குள் மன்னித்தேன். மறுநாள் நண்பர் புதிதாக எடுத்தார். 'போக' என்ற இடத்தில் தலை அசையாமல் நின்றது, கண் மட்டும் மின்தூக்கியின் பொத்தானுக்குப் போய்த் திரும்பியது. கண்ணை நான் கேட்கவில்லை. அது அவராகச் சேர்த்தது.

அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தது அமெரிக்க ஸ்டாப் மோஷன் இயக்குநர் ஹென்றி செலிக்கின் தொழில்வாழ்க்கை. 1993இல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தை இயக்கியவர் யார் என்று கேட்டால் பலர் டிம் பர்ட்டன் என்பார்கள். கதை பர்ட்டனுடையது, தயாரிப்பாளர்களில் ஒருவர் அவர், படத்தின் தலைப்புக்கு மேலே நிற்பதும் அவர் பெயர். ஆனால் கூடத்தில் நின்று இயக்கியவர் செலிக். நாயகனின் முகபாவங்களுக்காக மட்டும் ஏறக்குறைய நானூறு தலைகள் செய்து வைத்திருந்தார்கள். நம் பொம்மலாட்டக்காரரும் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறார் என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. பொம்மலாட்டக்காரர் யாரென்று ஊருக்கே தெரியும்.

2001இல் செலிக் இயக்கிய படம் பெரும் தோல்வி. 2009இல் 'கோரலைன்'. அதிலும் ஒரு சிறிய கதவு, அதற்கப்பால் இன்னொரு வீடு. என் ஆறாம் மாடிக்கு அது பெரியப்பா முறை என்பதை மறைக்க மாட்டேன். அத்தகைய வெற்றிக்குப் பிறகும் டிஸ்னிக்காக அவர் செய்துகொண்டிருந்த படம் 2012இல் பாதியில் கைவிடப்பட்டது. அடுத்த முழுநீளப் படம் 'வெண்டல் அண்ட் வைல்ட்' வந்தது 2022இல். பதின்மூன்று ஆண்டு இடைவெளி, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு. வயதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

எங்கள் படமும் நின்றது. பெரிய கதை ஒன்றுமில்லை. நிதி தந்த இடத்தில் ஆட்கள் மாறினார்கள், புதிதாக வந்தவர்களுக்கு வேறு முன்னுரிமைகள். நான்கு நிமிடம் எடுத்திருந்தோம். உபி கூடத்தைக் காலி செய்ய இரண்டு வாரம் கிடைத்தது. சுவர்களைத் தட்டி உடைத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அந்தக் கதவைக் கழற்றியபோது திருப்தியாகக்கூட இருந்தது. இனி அது துள்ளாது. நண்பர் விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் போனார். நான் கணினிக்கே திரும்பினேன். 2023இல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இங்குள்ள கூடத்தை மூடுவதாக அறிவித்தபோது, தெரிந்தவர்கள் வரிசையாக அழைத்தார்கள். வேலை எங்காவது இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

சிறுவனை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, அம்மா வீட்டு அலமாரியின் மேலே போட்டிருந்தேன். போன தீபாவளிக்கு முன் அம்மா முறுக்குக்கு டின் தேடியபோது அது கையில் அகப்பட்டது. சிலிக்கோன் தோல் பிசுபிசுத்துப் போயிருந்தது. உள்ளே உள்ள உலோக எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலை மடக்கினால் மடக்கிய இடத்தில் நின்றது.

"யார் இவன்?" என்றார் அம்மா.

சொன்னேன். எடுத்த நான்கு நிமிடத்தையும் எடுக்காத ஏழு நிமிடத்தையும் சேர்த்து முதன்முறையாக ஒருவருக்கு முழுக்கச் சொன்னேன். மாவு பிசைந்தபடியே கேட்டார். பாட்டி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறாள், மின்தூக்கிக் கதவு மூடுகிறது, அவ்வளவுதான் என்றேன்.

"போகிறவள் பிள்ளைக்கு ஒருவாய் கொடுக்காமலா போனாள்?"

கதை எழுதும்போது நிதி தந்தவர்கள் கொடுத்த குறிப்புகள் பல பக்கம். இதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருவாய் என்றால் என்ன உணவு, பாட்டி ஊட்டுவாளா அல்லது கையில் கொடுப்பாளா, சிறுவன் வாய் திறக்க எத்தனை முகங்கள் தேவைப்படும் என்று மனம் எண்ணத் தொடங்கியது.

அம்மா டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். சிறுவனை ஒரு பழைய துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்து, இனி உன் வீட்டிலேயே வைத்துக்கொள் என்றார்.