தைகா பாடம்: குளிரை அல்ல, கோடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புவியியல் தேர்வுக்குத் தயாராகும் பலர் தைகா (துந்திரத்துக்குத் தெற்கே பரவியுள்ள வடக்கு ஊசியிலைக் காடு) பாடத்தைப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: கடுங்குளிர், ஊசியிலை மரங்கள், பழுப்புக் கரடி, ஓநாய், மூஸ். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். "ஏன்" என்று கேட்டுவிட்டால் பேனா நகராது. நான் படித்த முறை வேறு. நன்றாகக் கைகொடுத்த முறை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் தொடங்கிய இடம் கோடைக்காலம். சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 45 டிகிரி செல்சியஸ். ஆர்க்டிக் கரையோரத் துந்திரப் பகுதிகள் பலவற்றில்கூட இவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் அங்கே மரம் இல்லை, இங்கே காடு இருக்கிறது. மரத்தின் எல்லையை முடிவு செய்வது குளிர்காலம் அல்ல. ஆண்டின் மிக வெப்பமான மாதம். அதன் சராசரி 10 டிகிரியைத் தாண்டும் இடத்தில்தான் பொதுவாகக் காடு உருவாகிறது. தைகாவில் ஒன்று முதல் மூன்று மாதங்கள் அந்த அளவைத் தாண்டுகின்றன. அதே வெர்கோயான்ஸ்கில் 1892இல் மைனஸ் 67.8 டிகிரியும், 2020 ஜூனில் 38 டிகிரியும் பதிவாகியிருக்கின்றன. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பெரும் வெப்ப வேறுபாடு கொண்ட கண்டக் காலநிலையை விளக்க இந்த இரண்டு எண்களைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கோடை குறுகியது என்பதை மனத்தில் வைத்தால் மரங்களின் இயல்புகள் தாமாகவே புரியும். ஆண்டுதோறும் புதிதாக இலைவிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஸ்புரூஸ், ஃபிர், பைன் ஆகியவை பழைய ஊசியிலைகளை வைத்துக்கொண்டு, வெயில் வந்தவுடன் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. மண்ணில் நீர் உறைந்து கிடக்கும் மாதங்களில் இலையிலுள்ள நீரைக் காப்பவை மெழுகுப் பூச்சும் உள்ளடங்கிய இலைத்துளைகளும். உதிரும் ஊசிகள் குளிரில் மெல்லத்தான் மட்கும். அவற்றின் அமிலம் சத்துகளைக் கீழே அரித்துச் செல்ல, சாம்பல் நிற அடுக்குடன் பாட்சால் மண் உருவாகிறது. மழைப்பொழிவு குறைவாக இருந்தும் சதுப்பு நிலங்கள் ஏராளமாக இருப்பது ஏன் என்றும் கேட்பார்கள். ஆவியாதல் அதைவிடக் குறைவு. பல இடங்களில் அடியிலுள்ள உறைநிலம் நீரை இறங்கவும் விடுவதில்லை.

விதிவிலக்கான லார்ச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம் இது. மிகக் கடுங்குளிரும் நிரந்தர உறைநிலமும் உள்ள கிழக்குச் சைபீரியாவில் பரந்து ஆள்வதும் இதுதான். அந்தக் குளிரில் ஊசிகளைக் காப்பாற்றுவதைவிட உதிர்ப்பதே மரத்துக்கு ஆதாயம். "தைகா மரங்கள் அனைத்தும் பசுமை மாறாதவை" என்ற கூற்று கொள்குறி வினாவில் வந்தால் தயங்காமல் தவறு என்று குறியுங்கள்.

விலங்குகளில் பத்துப் பெயர்களைவிட இரண்டை ஆழமாக எழுதுவது மேல் என்பது என் கருத்து. வட அமெரிக்கப் பனிக்காலணி முயலின் (snowshoe hare) உரோமம் குளிர்காலத்தில் வெண்மையாகிறது. அதைத் தூண்டுவது பனிப்பொழிவு அல்ல, பகல் நேரம் குறைவது. அதனால் பனி தாமதமாக வரும் ஆண்டில் பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரிந்து, எளிதில் இரையாகிறது. காலநிலை மாற்றம் பற்றிய வினாவுக்கும் இந்த எடுத்துக்காட்டு பொருந்தும். இம்முயலின் எண்ணிக்கை சுமார் 10 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்க, அதை உண்ணும் காட்டுப்பூனை வகையான கனடா லின்க்ஸின் எண்ணிக்கை சற்றுப் பின்தங்கி அதே வழியில் செல்கிறது. ஹட்சன் பே கம்பெனியின் உரோம வணிகப் பதிவேடுகளில் இந்தச் சுழற்சி தெளிவாகத் தெரிகிறது.

இரண்டாவது, காட்டுத் தவளை (wood frog). அலாஸ்காவில் இதன் உடல் நீரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உறைந்து, இதயத் துடிப்பும் நின்றுவிடும். கல்லீரல் பெருமளவில் சுரக்கும் குளுக்கோஸ் செல்களைக் காக்கிறது. வசந்தத்தில் பனி உருகியதும் தவளை எழுந்து தாவுகிறது. தகவமைப்பு என்ற தலைப்புக்கு இதைவிட வியப்பான சான்று உண்டா!

வரைபடத்துக்கு அதிக நேரம் வேண்டாம். அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா என்று தோராயமாக 50 முதல் 70 டிகிரி வட அட்சங்களுக்குள் ஒரு பட்டையை வரைந்து பழகுங்கள். தெற்கு அரைக்கோளத்தில் இந்தப் பட்டை இல்லாததற்குக் காரணத்தையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்: அந்த அட்சங்களில் அங்கே பெரும்பகுதி கடல்.